சங்கத்துக் கதிரையில் ஒரு வீட்டுக் கச்சேரி

"உங்க வீட்ல என்னதான் நடக்குது?" என்று என்னைக் கேட்காத ஆள் எங்கள் ஊரில் இல்லை. நானும் நாலு விதமாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாடுகிறவர்கள் வருவார்கள், ஹோலில் இருந்து பாடுவார்கள், நாங்கள் பாய் போட்டு இருந்து கேட்போம், முடிந்ததும் தேத்தண்ணி குடிப்போம். "அப்ப ஜெபக் கூட்டமா?" இல்லை. "யாருக்கும் பிறந்தநாளா?" இல்லை. "அப்ப என்னத்துக்கு?" என்னத்துக்கு என்று எனக்கே சரியாகத் தெரியாது. தெரியாமலேதான் மூன்று வருடமாக நடத்திக்கொண்டு வருகிறேன்.

பதினொரு வருடம் இத்தாலியில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மாதத்தில் ஒரு நாள் அந்த வீட்டு ஹோலில் பத்துப் பதினைந்து பேர் வந்து இருப்பார்கள். யாரோ ஒருவர் பெரிய வயலின் மாதிரி ஒன்றை முழங்காலுக்கிடையில் வைத்து வாசிப்பார். நான் கோப்பித் தட்டோடு கதவு மூலையில் நிற்பேன். தலையும் விளங்காது, வாலும் விளங்காது. ஆனாலும் கோப்பி ஆறுகிற வரைக்கும் அசையாமல் நின்றிருக்கிறேன். ஒருநாள் அந்த அம்மா திரும்பிப் பார்த்து, "நீயும் இரு" என்று ஒரு கதிரையைக் காட்டினார். இருந்தேன். ஊருக்குப் போய் வீடு கட்டினால் பெரிய ஹோல் வைத்துத்தான் கட்டுவேன் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அப்படியே கட்டினேன். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. தனி ஆளுக்கு எதுக்கடி இவ்வளவு பெரிய ஹோல் என்று எல்லாரும் கேட்டார்கள்.

வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, ஒழுங்கையின் கடைசியில். மொட்டை மாடியில் ஏறினால் ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் நுரைச்சோலை அனல்மின் நிலையத்துப் புகைக்குழாய். இப்படி ஒரு மூலைக்குக் கொழும்பிலிருந்து வயலினும் கிட்டாரும் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் முதலில் அகப்பட்டார்கள், ஒரு சிங்களப் பையனும் ஒரு தமிழ்ப் பிள்ளையும். கல்பிட்டியில் வெள்ளைக்காரர் தங்குகிற ஹோட்டல் ஒன்றில் பாடப் போய், ஆடுகிற பாட்டுத்தான் வேண்டும் என்று சொன்னதால் பாதியில் திரும்பி வருகிறார்களாம். முகம் இரண்டும் சுருங்கிக் கிடந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அப்ப உங்கட சொந்தப் பாட்டை எங்கதான் பாடுவீங்க?" என்று கேட்டேன். "பாட இடமில்ல அன்ரி" என்றாள் அந்தப் பிள்ளை. கோயில் மண்டபத்தில் பாடுவதென்றால் பிரதம விருந்தினர் வேண்டும், மாலை வேண்டும், வரவேற்புரை வேண்டும், நன்றியுரை வேண்டும். பாட்டுக்கு மிஞ்சுகிற நேரம் கால் மணித்தியாலம். "என்ட வீட்டுக்கு வாங்க, ஹோல் சும்மாதான் கிடக்குது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

முதல் கச்சேரிக்குப் பதினாலு பேர் வந்தார்கள். எங்கள் ஊரில் வெறுங்கையோடு இன்னொருவர் வீட்டுக்குள் யாரும் போவதில்லை. ஒருத்தி சீனி கொண்டுவந்தாள், ஒருத்தி விஸ்கோத்துப் பெட்டி, ஒருத்தர் கட்டாக் கருவாடு. வயலின் பையன் கண்ணை மூடி நீளமாக ஒன்றை வாசித்து முடித்தான். கை தட்டுவதா, முழங்காலில் நிற்பதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னால் இருந்த கிழவி ஒருத்தி சிலுவை அடையாளம் போட்டாள். பின்னாலிருந்து யாரோ "ஆமென்" என்றார்கள். பையன் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தான். நான் பதறிப் போய்க் கை தட்டினேன், பிறகு எல்லாரும் தட்டினார்கள். அன்றிலிருந்து முதல் கை தட்டுவது என் வேலை. அவர்கள் இரண்டு பேரும் கருவாட்டுப் பார்சலோடு கொழும்பு பஸ் ஏறினார்கள். வழிநெடுக மணத்திருக்கும், பாவங்கள்.

பிறகு ஒருவர் சொல்லி ஒருவர் வரத் தொடங்கினார்கள். எங்கள் ஆட்கள் கேட்கப் பழகினார்கள். விளங்காவிட்டாலும் கேட்பார்கள். "இண்டைக்குப் பாடினது போன முறையைவிடக் குறைவாத்தான் விளங்குது, ஆனா நல்லாயிருக்குது" என்று ஒரு மனுஷி சொன்னாள். எனக்கு வந்த பாராட்டிலேயே பெரியது அதுதான்.

இவ்வளவுக்கும் நடுவில் எனக்கு ஒரே ஒரு முள். என் மருமகள், அதாவது என் அண்ணனின் மகள், இதே மாதிரிப் பாடுகிறவள். அவள் பாட்டை ஊரெல்லாம் போனில் ஒளித்து ஒளித்துக் கேட்கிறார்கள். அவளுடைய அப்பா மட்டும் கேட்கவில்லை.

அண்ணன் கடற்கரைப் பக்கம் இருக்கிறார். சொந்தப் படகு. கையில் வைத்திருப்பது பட்டன் போன், அதுவும் மீன் விலை கேட்கத்தான். அண்ணி செத்தது மருமகளுக்குப் பதினேழு வயதில். பட்டப்பகலில் நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைக்காமல் வாசலிலேயே கிடந்து, கடைசியில் வழியிலேயே போய்விட்டா. அண்ணன் அப்போது கடலில் இருந்தார் என்றுதான் இத்தாலிக்கு எனக்குப் போனில் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. மகளை வளர்த்தார், படிக்க வைத்தார். அவள் ரீச்சர் வேலையை விட்டுவிட்டுக் கிட்டாரைத் தூக்கியபோதுகூட இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். பிறகு அவள் அம்மா செத்த நாளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். அதைக் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான் கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலுக்கு வந்து, "உன்ட மகள் உன்னைக் குடிகாரன் எண்டு ஊருக்கே பாடுறாள்" என்று பற்றவைத்தான் பாருங்கள், அதோடு சரி. "அவள் பாடுற வாசலை நான் மிதிக்க மாட்டேன், அவளும் என்ட வாசலுக்கு வரக் கூடாது" என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? போய்ச் சண்டை பிடித்தேன். "பாட்டைக் கேட்டீங்களா நீங்க? அதில குடி எண்ட சொல்லே இல்ல. ஒருக்காக் கேளுங்க" என்றேன். "கதையைக் கொண்டு வராத" என்றார். "கேக்காம எப்பிடி அண்ணா தெரியும்?" "எனக்குத் தெரியும்." கேட்காத பாட்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமாம். மண்டை காய்ந்து போய்த் திரும்பி வந்தேன். அன்றைக்கு என்னோடும் பேச்சை நிறுத்தினவர்தான், இரண்டு வருடம். கோயிலில் கண்டாலும் தூணைப் பார்த்துக்கொண்டு போவார்.

மருமகளுக்கு அவர் திட்டியது பெரிதில்லை. "அப்பா ஒருக்காக் கேட்டாப் போதும் மாமி. கேட்டிட்டு அடிச்சாலும் பரவாயில்ல" என்று போனில் அழுவாள். என் வீட்டில் வந்து பாடு, பத்து நிமிஷ தூரத்தில்தான் உன் அப்பா இருக்கிறார், காற்றிலாவது கேட்கும் என்றேன். கடைசியில் வர ஒத்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு என்று வைத்தோம்.

சங்கடம் கதிரையில் தொடங்கியது. அவள் வருகிறாள் என்றதும் ஊரில் பாதிப் பேர் வருவதாகச் சொன்னார்கள். பாய் போதாது, என்னிடம் இருப்பது பன்னிரண்டு கதிரை. வாடகைக் கடையில் உள்ளதெல்லாம் கல்பிட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது. மிச்சம் எங்கள் ஊர் மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள்தான். பச்சைக் கதிரை, முதுகில் வெள்ளை எழுத்து. சாவுக்கு மட்டும்தான் அவை வெளியே வரும், கல்யாணம் காட்சிக்குக் கொடுப்பதில்லை என்பது சட்டம். ஆனால் சங்கத்துச் செயலாளரின் மகன் இத்தாலியில் இருக்கிறான். அங்கேயிருந்து வருகிற இத்தாலிப் பாஷைக் கடிதம் கிடிதம் எல்லாம் வாசித்துச் சொல்வது நான். மனுஷன் என்னிடம் இல்லை என்று சொல்ல முடியாமல் நெளிந்தார். "சரி, ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. காலையில டிராக்டர்ல அனுப்பி விடுறேன்" என்றார்.

டிராக்டர்காரரிடம் அவர் சொன்னது ஒரே ஒரு வரி: இத்தாலி அக்கா வீட்டுக்கு நாப்பது கதிரை. டிராக்டர்காரர் வந்து சேர்ந்த நேரம் நான் பூசைக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தது மருமகள். இரவு பஸ்ஸில் வந்தவள், தலைமயிர் விரிந்து கிடக்கிறது, நித்திரை இல்லாமல் கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வராத பிள்ளை என் வீட்டு வாசலில் அப்படி நின்றால் அந்த ஆள் என்ன நினைப்பார்? தொப்பியைக் கழற்றினார், வாய் திறக்கவில்லை, நாற்பது கதிரையையும் இறக்கி அடுக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். "என்ன மாமி, இங்க டிராக்டர் ஓட்டுறவங்ககூட இவ்வளவு மரியாதையா?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். நானும் பெருமையாகச் சிரித்தேன், ஒன்றும் விளங்காத விசரி.

மத்தியானம் நண்டுக் கறியோடு ஒரு வெட்டு வெட்டினோம். பாட்டுப் பழகும்போது மணி அடிக்கக் கூடாது என்று போன் இரண்டையும் அணைத்து வைத்தோம். பிறகு ஒரு சின்ன நித்திரை. அந்த நேரத்தில்தான் டிராக்டர்காரர் இரண்டாம் முறை வந்திருக்கிறார். அவருடைய வேலை முறை அப்படி. செத்த வீடென்றால் முதலில் கதிரை, பிறகு கொடி. மெயின் ரோட்டுச் சந்தியிலிருந்து என் வீட்டு கேட் வரைக்கும் இரண்டு பக்கமும் வெள்ளைக்கொடி வரிசையாகக் கட்டி முடித்து, சத்தமில்லாமல் போய்விட்டார். அந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்தி. அப்படியென்றால் செத்தது யார்? ஊருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மூன்றரை மணிக்கு கேட்டைத் திறந்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், முஸ்லிம் ஆள், வெங்காய வியாபாரம், தலையில் தொப்பி, கையில் இரண்டு கிலோ சீனியும் தேயிலைப் பைக்கற்றும். நிலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். மோட்டார் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார்.

"அல்லாஹ்வே! அக்கா... நீங்க மௌத்தாகிட்டீங்கண்டு..."

"யாரு, நானா?"

"சந்தியிலேர்ந்து கொடி கட்டியிருக்கே அக்கா!"

எட்டிப் பார்த்தேன். ஒழுங்கை முழுக்க வெள்ளை. என் சாவுக்கு நானே வாசலில் நின்று ஆட்களை வரவேற்கிறேன். சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது, எதை முதலில் செய்வதென்று தெரியாமல், "சரி, மௌத்தாகிட்டேன், உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்" என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்தபடி கதிரையில் விழுந்தார்.

ஆள் அனுப்பி டிராக்டர்காரரைக் கூப்பிட்டேன். "என்னத்துக்கு ஐயா கொடி கட்டினீங்க?" 

"கதிரை போச்சு. கொடி கட்டினேன்." 

"யார் செத்ததெண்டு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" 

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறீங்க அக்கா? செத்த வீட்ல போய் யார் செத்ததெண்டா கேக்கிறது? அது மரியாதையா?" 

அதுவும் சரிதான். எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பதில்லை, வேலையைச் செய்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அந்த மனுஷனில் ஒரு பிழையும் இல்லை. அவரும் வெங்காயக்காரருமாகக் கொடிகளைக் கழற்ற ஓடினார்கள்.

நான் அணைத்திருந்த போனைப் போட்டேன். தவறிய அழைப்புகள் வந்து கொட்டின. சிலாபத்திலிருந்து சின்னம்மா, சுவாமியார், இன்னும் யார் யாரோ. அண்ணனின் அழைப்பு இல்லை. சின்னம்மாவுக்கு எடுத்து, "நான்தான் பேசுறேன், சாகல்ல" என்றேன். அவ குளறிய குளறலில் காது அடைத்துப் போனது. சுவாமியாருக்கு எடுத்தேன். பிறகு அண்ணனின் நம்பரைத் தேடி எடுத்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றுவரை குழப்பம். நம்பரை அமத்தினது ஞாபகம் இருக்கிறது. மணி அடித்தது ஞாபகம் இல்லை. போனைப் பார்த்தால் தெரியுமே என்று நீங்கள் சொல்வீர்கள், பார்த்தேன். அண்ணனுக்கு எடுத்ததாக இருக்கிறது, ஆனால் தொடர்பு கிடைக்கவில்லை. கடற்கரைப் பக்கம் சிக்னல் இல்லாமல் தானாக விழுந்ததா, அல்லது மனுஷன் ஒருக்கா ஓடி வரட்டும் என்று நினைத்து நானே வெட்டி விட்டேனா? சத்தியமாகத் தெரியவில்லை. அண்ணனுக்கு நெஞ்சு பலம் குறைவு என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அப்படிச் செய்திருப்பேனா? செய்யக்கூடிய ஆள்தான் நான். இன்னொரு முறை எடுத்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று போனை வைத்துவிட்டேன்.

அப்படி வந்தார்கள் ஆட்கள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் ஒரு இருபது பேர், கலர் கலராக. என்னை அடக்கம் பண்ண வந்தவர்கள் ஒரு நாற்பது பேர், வெள்ளை வெள்ளையாக. ஒவ்வொருவரும் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு மனுஷி கன்னத்தைக் கிள்ளியே பார்த்தாள். சாகாதவள் வீட்டிலிருந்து எப்படி விடைபெறுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கொண்டுவந்த சீனியைத் திருப்பிக் கொண்டுபோவதும் அழகில்லை. செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கொஞ்ச நேரமாவது இருந்துவிட்டுத்தானே போக வேண்டும்? எல்லாரும் சங்கத்துக் கதிரையில் இருந்தார்கள். சங்கத் தலைவரும் வந்தார். சட்டத்தை மீறிப் போன கதிரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், செயலாளரைப் பார்த்தார், பிறகு அவரும் ஒன்றில் இருந்தார். செயலாளர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

மருமகள் ஹோலின் நடுவில் ஸ்டூலைப் போட்டு, கிட்டாரை மடியில் வைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "மாமி, இது உங்கட வேலையா?" என்று மெல்லக் கேட்டாள். "எனக்குத் தெரியாது" என்றேன். வேறு என்ன சொல்ல? "பாடவா வேணாமா?" "பாடு. வந்த சனத்தை என்ன செய்யிறது?"

பாடத் தொடங்கினாள். முதல் பாட்டு முடிந்தது. கலர்ச் சட்டைக்காரர் என்னைப் பார்த்தார்கள், நான் கை தட்ட வேண்டும். வெள்ளைச் சட்டைக்காரரும் என்னைப் பார்த்தார்கள், செத்தவள் கை தட்டலாமா? நான் தட்டினேன். பாதிப் பேர் தட்டினார்கள், பாதிப் பேர் தலையைக் குனிந்தார்கள். இரண்டாவது பாட்டு உப்பளத்துப் பெண்களைப் பற்றியது. முடிவில் ஒருத்தி ஏங்கி ஏங்கி அழுதாள். பாட்டுக்கா, எனக்கா, யாருக்கென்று நானும் கேட்கவில்லை. நான் தேத்தண்ணித் தட்டை எடுக்கக் குசினிக்குப் போனேன்.

அப்போது வெளியில் ஒரு சத்தம் கேட்டது. "தங்கச்சி! என்ட தங்கச்சி!"

அண்ணன். அன்று உச்சமுனைப் பக்கம் கடல் தொழிலுக்குப் போயிருக்கிறார். கரைக்கு வந்த கையோடு யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் தங்கச்சி போய்விட்டாள் என்று. சாரத்தை மடித்துக் கட்டியபடி, வெறுங்காலோடு, கடற்கரையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். ஒழுங்கையில் கொடி கழற்றிக்கொண்டு நின்றவர்கள் மறித்துச் சொல்லப் பார்த்தார்களாம், அவர் காதிலே ஏறவில்லை. சனத்தை விலக்கிக்கொண்டு நேரே ஹோலின் நடுவுக்குப் போனார். சவப்பெட்டி வைக்கிற இடம் அதுதானே. அந்த இடத்தில் அவருடைய மகள் கிட்டாரோடு இருந்தாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு மூச்சு இரைக்கிறது, கண்ணீர் தாடியில் ஓடுகிறது. அவள் எழும்பவும் இல்லை, இருக்கவும் இல்லை, அரைவாசியில் நிற்கிறாள். நான் தட்டோடு குசினி வாசலில் நின்று, "அண்ணா" என்றேன்.

திரும்பினார். என்னைக் கண்டார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். வந்து என் கையை இறுக்கிப் பிடித்தார், தட்டு சரிந்து தேத்தண்ணி எல்லாம் சிந்தியது. "நாயே! நீ சாகல்லையா?" என்றார். "இல்ல அண்ணா." "ஏன்டி சாகல்ல?" என்று கேட்டுவிட்டு, அறுபது பேருக்கு முன்னால், குழந்தை மாதிரி என் தோளில் விழுந்து அழுதார். நானும் குளறினேன். இரண்டு வருடமாகத் தூணைப் பார்த்துக்கொண்டு போன மனுஷன். எனக்குச் சந்தோஷமா, வெட்கமா, பயமா, ஒன்றுமே பிரித்துத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி நின்றேன்.

யாரோ ஒரு கதிரையை அவர் பக்கம் தள்ளினார்கள். விழுந்த மாதிரி அதில் இருந்தார். தண்ணி கொடுத்தேன், குடித்தார். எழும்பிப் போவார் என்று பார்த்தேன். போகவில்லை. போகப் பலம் இல்லையோ, வேறு என்னவோ.

மருமகள் திரும்ப ஸ்டூலில் இருந்தாள். "அப்பா, பாடவா?" என்று கேட்டாள். அவர் முகத்தைத் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், நான் என் பாட்டுக்குத் தரையில் சிந்தின தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு நிமிரப் பயம்.

அவள் அந்தப் பாட்டைத்தான் எடுத்தாள். பெரிய பாட்டு இல்லை, நாலு வரி திரும்பத் திரும்ப வரும்.

"அம்மாட தலை என்ட மடியில
வாசல் முழுக்க மழை
அப்பா வந்திருப்பார், அப்பா வந்திருப்பார்
வழியெல்லாம் மழை."

அவ்வளவுதான். குடி இல்லை, சாராயம் இல்லை, கோபம்கூட இல்லை. நான் எத்தனை முறை கேட்டிருப்பேன். ஒரு பிள்ளை அப்பாவைக் காத்துக்கொண்டு வாசலில் இருக்கிறாள், மழையால் அவரால் வர முடியவில்லை, பாவம் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைத்தேன். அண்ணனும் கேட்டால் அப்படித்தான் நினைப்பார், மனம் ஆறிவிடும் என்றுதான் இரண்டு வருடமாக அவரோடு சண்டை பிடித்தேன்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. நானும் தட்டவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு கதைக்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னார்:

"அண்டைக்கு மழை பெய்யல்ல."

வயது போனவர் ஞாபகப் பிசகில் சொல்கிறார் என்று நினைத்து, "பாட்டுத்தானே அண்ணா" என்றேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. மகளைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"நல்ல வெயில். உனக்கும் தெரியும். நான் கடல்ல இல்ல. வாடியில குடிச்சிட்டுக் கிடந்தேன். ரெண்டு பேர் வந்து கூப்பிட்டாங்க. எனக்கு எழும்ப ஏலாம இருந்திச்சு."

அவருடைய படகில் அப்போது போனவர்கள் இரண்டு பேர் வெள்ளைச் சட்டையோடு பின் வரிசையில் இருந்தார்கள். இரண்டு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். அப்படியென்றால் அந்த மழை எங்கிருந்து வந்தது? மருமகளைப் பார்த்தேன். அவள் அழவில்லை, கிட்டாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். வாசலில் இருந்தவள் அவள்தானே. வெயிலா மழையா என்று அவளுக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டிருக்கிறாள். இத்தனை வருடமாக அப்பாவுக்காக ஒரு மழையைப் போட்டு வைத்திருக்கிறாள். அதைத்தான் ஊர் பழி என்று கொண்டுபோய் அவரிடம் கொடுத்தது. அதைத்தான் நானும் விளங்காமல் கேட்டுக் கேட்டுக் கை தட்டியிருக்கிறேன்.

"மழையை எடு" என்றார் அண்ணன்.

"எடுத்தாப் பாட்டு நிக்காதப்பா" என்றாள்.

"எடுத்திட்டுப் பாடு. நான் இருக்கிறேன்."

அவள் கிட்டாரைச் சரி பண்ணினாள். நேரம் எடுத்தது. கதிரையில் இருந்த ஒருவரும் எழும்பவில்லை. வெங்காயக்காரர் கழற்றின கொடிகளை அக்குளில் வைத்தபடி வாசலிலேயே நின்றுவிட்டார். அவள் திரும்பப் பாடினாள். அம்மாவின் தலை மடியில் வந்தது. வாசல் வந்தது, மழை வரவில்லை, அந்த இடத்தில் கிட்டார் மட்டும் தனியாகப் போனது. பிறகு, அப்பா வந்திருப்பார், அப்பா வந்திருப்பார் என்று பாடி நிறுத்தினாள். அடுத்த வரி இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை.

அந்த இடத்தில் அண்ணன் சொன்னார். பாட்டாக இல்லை, வெறும் பேச்சாகத்தான்.

"வரல்ல."

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். பிறகு முதலிலிருந்து தொடங்கினாள். அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு அவருக்காக நின்றாள். அவர் திரும்பவும் சொன்னார்.